வீட்டு ஒலிப்பதிவுக்குக் கண்டென்சர் மைக்: வாங்கலாமா, நாமே செய்யலாமா?

போனில் பதிவு செய்து பார்த்தாகிவிட்டது. குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. காசு சேர்த்து, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கியாயிற்று. கண்டென்சர் மைக்குக்கென்று (மின்னேற்றத்தின் உதவியால் மெல்லிய சவ்வின் அதிர்வை மின் சிக்னலாக்கும் வகை) எட்டாயிரம், பத்தாயிரம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து யூடியூபில் ஒருவர் சின்னக் கேப்ஸ்யூல் ஒன்றை (மைக்கில் ஒலியை வாங்கும் பகுதி) உலோகக் குழாய்க்குள் பொருத்தி, விலை உயர்ந்த ஸ்டுடியோ மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். கேட்டால் வித்தியாசம் தெரியவில்லை. வாங்குவதா, செய்வதா? இந்த இடத்தில் நின்றுபோனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. கடையில் வாங்கிய மைக்கில் நாலு வருடமாகக் கதை வாசித்துப் பதிவு செய்கிறேன். என் கையால் செய்த ஒரு ஜோடி மைக்கில் அத்தை வீணை வாசிப்பதைப் பதிவு செய்கிறேன். இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தும் இருக்கிறேன். கதைக்குக் கையால் செய்த மைக் சரிப்படவில்லை, வீணைக்குக் கடை மைக் போதவில்லை. நான் சொல்ல வருவதன் சாரம் அதுதான். எந்த மைக் உசத்தி என்று பார்ப்பதைவிட, எதைப் பதிவு செய்யப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பார்க்க வேண்டியது மைக்கின் சொந்த இரைச்சல். ஊசி விழுந்தால் கேட்கும் அறையிலும் மைக் தானாக 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறலை எழுப்பும். அதை டெசிபலில் குறிப்பிடுவார்கள். எண் குறைவாக இருந்தால் மைக் அமைதியானது என்று பொருள். தயாரிப்பாளர்கள் கொடுக்கும் எண்கள் இவை:

| மைக் அல்லது கேப்ஸ்யூல் | வகை | சொந்த இரைச்சல் (டெசிபல்) |
|---|---|---|
| ரோடு என்டி1, ஐந்தாம் தலைமுறை | கடை மைக், பெரிய சவ்வு | 4 |
| நாய்மன் டிஎல்எம் 103 | கடை மைக், பெரிய சவ்வு | 7 |
| ஆடியோ-டெக்னிக்கா ஏடி2035 | கடை மைக் | 12 |
| நாய்மன் கேஎம்184 | கடை மைக், சின்ன சவ்வு | 13 |
| பிரிமோ இஎம்272 | நாமே கட்டும் கேப்ஸ்யூல், 10 மி.மீ. | 14 |
| ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020 | கடை மைக் | 20 |
| பேனசோனிக் டபிள்யூஎம்-61ஏ | பழைய கேப்ஸ்யூல், 6 மி.மீ. | சுமார் 32 |

சட்டைப் பொத்தான் அளவுள்ள இஎம்272, பிரபலமான ஏடி2020ஐவிட 6 டெசிபல் அமைதியானது. கையால் செய்வதில் இவ்வளவு பேர் இறங்குவதற்கு இந்த ஒரு வரிதான் காரணம். ஆனால் இந்த எண் எப்போது நமக்கு உதவும் என்பதையும் பார்க்க வேண்டும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்துப் பேசினால் குரல் எழுபது டெசிபலைத் தொடும். அங்கே 14க்கும் 20க்கும் வித்தியாசம் காதுக்கு எட்டாது. மின்விசிறி ஓடினால் அதன் சத்தமே 20ஐத் தாண்டிவிடும். வீணை, கோட்டுவாத்தியம் போன்ற மென்மையான வாத்தியங்களை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்யும்போதுதான் இந்த எண் பேச ஆரம்பிக்கும்.

இரண்டாவது, திசை. கடையில் கிடைக்கும் குரல் மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு. முன்னால் வருவதை நன்றாக வாங்கி, பின்னால் வருவதைக் குறைக்கும். இஎம்272 ஆம்னி, நாலு பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தெருவில் ஹாரன், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் நம் குரல் என்று எல்லாவற்றையும் சமமாக அள்ளிக்கொண்டு வரும்.

மூன்றாவது, ஈரம். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்கள் இதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பணம், நேரம். பணத்துக்குத் தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

## கடை மைக்

கடை மைக்கில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக நிச்சயத்தை. கேப்ஸ்யூலைச் சோதித்துப் பார்த்திருப்பார்கள், உடம்பு முழுக்க மின் இரைச்சலைத் தடுக்கும் கவசமாக இருக்கும், பெட்டியில் போட்டிருக்கும் திசை வரைபடம் உண்மையாக இருக்கும். காலையில் வாங்கி மாலையில் பதிவு செய்யலாம். நாளைக்கு வேண்டாம் என்றால் விற்கலாம். நல்ல பிராண்டுக்கு உடனே ஆள் கிடைக்கும். கையால் செய்ததை எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். எலெக்ட்ரெட் என்றால் மட்டம், கண்டென்சர் என்றால் உசத்தி என்று சொல்வார்கள். எலெக்ட்ரெட்டும் கண்டென்சர்தான். 1916இல் வென்டே என்ற அமெரிக்க இயற்பியலாளர் உருவாக்கிய முதல் கண்டென்சர் மைக்குக்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் மின்னேற்றத்தை ஒரு பிளாஸ்டிக் படலத்திலேயே நிரந்தரமாகத் தங்கவைத்தார்கள். அதுதான் எலெக்ட்ரெட். ஏடி2020யும் அந்த வகைதான். அதனால் அந்தச் சொல்லைப் பார்த்து எதையும் ஒதுக்க வேண்டாம்.

கடை மைக்கில் கவனிக்க வேண்டிய குறை வேறு. நாய்மன் நிறுவனம் தன் யு67 ஸ்டுடியோ மைக்குக்காக வடிவமைத்த கே67 என்ற கேப்ஸ்யூல் உச்ச ஒலிகளைக் கொஞ்சம் தூக்கலாகக் கொடுக்கும். அந்தத் தூக்கலை உள்ளே இருக்கும் சர்க்யூட் திரும்ப இறக்கிவிடும். இரண்டும் சேர்ந்துதான் அந்த மைக்கின் குரல். பிற்பாடு வந்த பல மலிவு மைக்குகள் கேப்ஸ்யூலின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இறக்கிவிடும் பகுதி இல்லாத எளிய சர்க்யூட்டோடு சேர்த்தன. விளைவு, ச, ஸ, ஷ மூன்றும் காதைக் கீறும். வாங்குவதற்கு முன் கடையிலோ நண்பர் வீட்டிலோ ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள்: "சரஸ்வதி பூஜை விசேஷமாக நடந்தது." இதில் ஸகரமும் ஷகரமும் ஊசி மாதிரி குத்தினால் அந்த மைக் கதை வாசிக்க ஆகாது. ஆங்கிலத்தில் எழுதப்படும் மதிப்புரைகளில் இந்தச் சோதனை உங்களுக்குக் கிடைக்காது.

பிஎம்-800 என்று பல பெயர்களில் மிக மலிவாக விற்கிறார்களே, அதை மைக்காக வாங்க வேண்டாம். ஸ்டுடியோ மைக் போன்ற பெரிய உடம்பு; பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதான எலெக்ட்ரெட். வேறு ஒரு வேலைக்கு அது உதவும், பின்னால் சொல்கிறேன்.

மறைமுகச் செலவுகள் உண்டு. மைக்கை இன்டர்ஃபேஸில் செருகும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிள், ஸ்டாண்டு, 'ப' சொல்லும்போது மோதும் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் எல்லாம் தனி. ஆன்லைனில் போலிகளும் சுற்றுகின்றன. தெரிந்த பிராண்டு நம்ப முடியாத விலையில் கிடைத்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். யுஎஸ்பி மைக் வாங்கினால் இன்டர்ஃபேஸ் செலவு மிச்சம், ஆனால் பின்னால் இரண்டாவது மைக் சேர்க்கும்போது கஷ்டப்படுவீர்கள்.

## கையால் செய்த மைக்

இதை ஒரே வகையாகப் பேசக் கூடாது. சின்ன கேப்ஸ்யூல் ஒரு கதை, பெரிய கேப்ஸ்யூல் வேறு கதை. பலரும் இரண்டாவதில் நேரடியாகக் குதித்து மனம் உடைந்துபோகிறார்கள்.

இஎம்272 போன்ற சின்ன கேப்ஸ்யூலுக்குள்ளேயே ஒரு சிறு டிரான்சிஸ்டர் இருக்கிறது. மிக நுட்பமான இணைப்பு அந்த உலோக டப்பாவுக்குள் பத்திரமாக மூடியிருக்கும். நாம் வெளியே இரண்டு புள்ளிகளில் ஒயரைப் பற்றவைத்தால் போதும். கையடக்க ரெக்கார்டரின் மைக் துளை கொடுக்கும் சில வோல்ட்டிலேயே வேலை செய்யும். இன்டர்ஃபேஸில் செருக வேண்டும் என்றால் அது கேபிள் வழியே மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் பேன்டம் பவரைக் குறைத்துக் கொடுக்க நாலைந்து பாகங்கள் வேண்டும். எக்ஸ்எல்ஆர் பிளக்கின் கூட்டுக்குள்ளேயே அவை அடங்கிவிடும். நேரடியாக 48 வோல்ட்டைக் கொடுத்தால் கேப்ஸ்யூல் போய்விடும். இன்னொன்று, சூடு. எலெக்ட்ரெட்டில் தங்கியிருக்கும் மின்னேற்றம் சூட்டில் கலையும். சால்டரிங் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். ஒட்டவில்லை என்றால் ஆறவிட்டு மறுபடி வையுங்கள்.

என் முதல் மைக் இந்த வகைதான். அலுமினியக் குழாய்க்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, அழகாக முடித்து, ஹெட்போனை மாட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்பதுபோல 'ம்ம்ம்' என்று ஒரே ஹம். கையைக் குழாய்க்குக் கிட்டே கொண்டுபோனால் ஹம் கூடுகிறது, எடுத்தால் குறைகிறது. அரைநாள் கேபிளைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் மல்டிமீட்டரை எடுத்துக் குழாய்க்கும் எக்ஸ்எல்ஆரின் ஒன்றாவது பின்னுக்கும் தொடர்பு பார்த்தால், தொடர்பே இல்லை. பெயின்ட் குழாயின் உள்பக்கமும் வழிந்து, உலோகத்தைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தது. கத்தியால் நகம் அளவு சுரண்டி, அந்த இடத்தில் எர்த் ஒயரை ஸ்க்ரூ வைத்து இறுக்கினேன். ஹம் அப்படியே நின்றது. கவசம் என்பது கேப்ஸ்யூலைச் சுற்றி இருந்தால் மட்டும் போதாது, எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கையால் தெரிந்துகொண்டேன்.

பெரிய கேப்ஸ்யூலுக்கு வருவோம். 25 மி.மீ. எலெக்ட்ரெட் கேப்ஸ்யூலை வைத்து ஆர்வலர்கள் கட்டும் 'ஆலிஸ்', 'ஓபிஏ ஆலிஸ்' சர்க்யூட்டுகள் பேர்போனவை. ஒலி உண்மையிலேயே நன்றாக இருக்கும், குரலுக்கும் ஏற்ற கார்டியாய்டு. ஆனால் இதில் கேப்ஸ்யூலுக்குள் டிரான்சிஸ்டர் கிடையாது. அந்த நுட்பமான இணைப்பை நாம்தான் கட்ட வேண்டும். பெரிய சவ்வுக் கேப்ஸ்யூல் மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் கொள்ளளவு மிகச் சிறியது, ஐம்பது, அறுபது பிகோஃபாரட் அளவில்தான் இருக்கும். அதிலிருந்து வரும் சிக்னலைச் சிந்தாமல் எடுக்க ஒரு கிகா ஓம் ரெசிஸ்டர் போடுகிறோம். ஒரு கிகா ஓம் என்றால் நூறு கோடி ஓம். அந்த அளவுத் தடைக்குப் பக்கத்தில் நம் விரல் ரேகையின் எண்ணெய்ப்பசைகூட மின்சாரம் கசியும் வழியாகிவிடும்.

என் 25 மி.மீ. மைக் சித்திரை முதல் புரட்டாசி வரை நன்றாக வேலை செய்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட வாரம், ஹெட்போனில் கடுகு தாளிக்கிற சத்தம். விட்டு விட்டுப் பொரிகிறது. கேப்ஸ்யூல் போய்விட்டது என்றே நினைத்தேன். திறந்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கிகா ஓம் ரெசிஸ்டரின் இரண்டு கால்களுக்கும் நடுவே போர்டில் ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும்போது ஈயத்தோடு உருகும் பசை) தேன் நிறத்தில் படிந்து கிடந்தது. வறண்ட நாட்களில் அது சும்மா இருந்தது. ஈரத்தை உறிஞ்சியதும் கசிய ஆரம்பித்துவிட்டது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷை நனைத்து மூன்று தடவை தேய்த்தேன். அந்த இணைப்பைப் போர்டிலிருந்து எடுத்து, ரெசிஸ்டரின் கால், கேப்ஸ்யூல் ஒயர், சிக்னலை வாங்கும் ஆப்-ஆம்ப் சிப்பின் கால் மூன்றையும் போர்டைத் தொடாமல் காற்றில் சேர்த்துப் பற்றவைத்தேன். ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டி இரவு முழுக்க விட்டேன். மறுநாள் காலை, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, மைக்கில் பொரியல் சத்தம் இல்லை. இப்போது என் எல்லா மைக்குகளும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு எவர்சில்வர் டப்பாவில்தான் தூங்குகின்றன. கடை மைக்கும் சேர்த்துத்தான், அதற்கும் ஈரம் ஆகாது.

34 மி.மீ. கேப்ஸ்யூலுக்கு வெளியிலிருந்து அறுபது வோல்ட் வாக்கில் கொடுக்கத் தனிச் சர்க்யூட் வேண்டும். முதல் மைக்காக இதில் கை வைக்க வேண்டாம்.

பாகங்கள் கிடைப்பதும் ஒரு பிரச்சினை. சென்னை ரிச்சி தெருவில் பிளக், கேபிள், சாதாரண ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் வாங்கிவிடலாம். நல்ல கேப்ஸ்யூலுக்கு வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2020 நவம்பரில் சீன இணையக் கடையான அலிஎக்ஸ்பிரஸ் தடைசெய்யப்பட்ட பிறகு, இணையக் காணொளிகளில் சொல்லும் பாதிக் கொள்முதல் வழிகள் நமக்குப் பொருந்தாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய வரைபடங்களில் வரும் 2எஸ்கே170 டிரான்சிஸ்டரைத் தோஷிபா நிறுத்தி வெகுநாளாகிறது. அந்தப் பெயரில் போலிகள் நிறையப் புழங்குகின்றன. அது வேண்டாத சர்க்யூட்டைத் தேர்ந்தெடுங்கள்.

## பணம்: என் நோட்டில் உள்ள கணக்கு

முதல் ஜோடி இஎம்272 மைக் செய்தபோது எழுதி வைத்தது இது. கேப்ஸ்யூல் இரண்டு, பார்சல் கட்டணத்தோடு 3,600 ரூபாய். சுங்கவரி, ஜிஎஸ்டி, கூரியர்காரர்களின் கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்து 1,400. பிளக், கேபிள், குழாய் 1,100. சால்டரிங் அயர்ன், ஈயம், மல்டிமீட்டர் 2,300. கெட்டுப்போன பாகங்கள் 600. மொத்தம் 9,000.

அந்தப் பணத்துக்கு அறிமுக நிலைக் கடை மைக் ஒன்று வந்திருக்கும். மிச்சம் பிடிக்கலாம் என்று செய்ய இறங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்: முதல் மைக்கில் மிச்சம் ஒன்றும் இருக்காது. மூன்று சனி, ஞாயிறும் போனது. இரண்டாவது ஜோடிக்குக் கருவிகள் கையில் இருந்ததால் 6,100 ரூபாயும் ஒரு மதியமும்தான்.

ஆனால் என்ன கிடைத்தது என்றும் பாருங்கள். இரைச்சல் 14 டெசிபல் அளவில் இரண்டு மைக். கேஎம்184 ஜோடி வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். என் மைக் கேஎம்184 ஆகிவிடாது. திசை வேறு, ஒலியின் நிறம் வேறு. அமைதி என்ற ஒரு குணத்தில் மட்டும் அதன் பக்கத்தில் நிற்கிறது. வீணைக்கு எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு குணம்தான்.

## நடுவழி: உடம்பு அவர்களுடையது, உள்ளம் நம்முடையது

பிஎம்-800ஐ வாங்கி, உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, 25 மி.மீ. கேப்ஸ்யூலையும் புதுப் போர்டையும் வைக்கலாம். குழாய், வலைத்தலை, எக்ஸ்எல்ஆர் எல்லாம் தயாராக இருக்கும். கவசப் பிரச்சினை பாதி தீர்ந்தது. பெயின்ட்டை மட்டும் சுரண்டிப் பாருங்கள். கேப்ஸ்யூலை வலையின் நடுவில், பின்பக்கத் துளைகள் அடைபடாதபடி நிறுத்துங்கள். அடைபட்டால் கார்டியாய்டு தன் திசையை இழந்துவிடும். ஏற்கெனவே ஒரு மைக்காவது கட்டியவர்களுக்கு நல்ல வழி.

## எப்போது எது

தனிக்குரல், பாட்காஸ்ட், ஆடியோ புத்தகம், பாடல் கவர் என்றால் கடை மைக்தான். அதுவும் கார்டியாய்டு. ஒரு சாண் தூரத்தில் பேசப்போகிறீர்கள் என்றால் 20 டெசிபல் மைக்கே போதும். மிஞ்சும் பணத்தில் இரண்டு கனமான ரஜாய் வாங்கி முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். இரைச்சலைவிடச் சுவர் எதிரொலிதான் வீட்டுப் பதிவுகளைக் கெடுக்கிறது. அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய வேலை கையில் இருந்தாலும் கடை மைக்தான். கெடு இருக்கும்போது யாரும் சால்டரிங் பழகக் கூடாது.

மெல்லிய குரலில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வாசிக்கிறவர்கள், கையால் செய்யும் ஆசை இல்லாதவர்கள், இன்னும் சில மாதம் சேர்த்து என்டி1 வாங்குவது நல்லது. நடுவில் ஒன்றை வாங்கி, விற்று, மறுபடி வாங்குவதைவிட அது சிக்கனம்.

வீணை, சிதார், குழந்தைகளின் தாலாட்டு, விடிகாலைப் பறவைகள், கோயில் மண்டபத்தில் நாதஸ்வரக் கச்சேரி, பாட்டி சொல்லும் கதையை அவர் கூச்சப்படாமல் முகத்துக்கு முன் மைக் நீட்டாமல் பதிவு செய்வது, இவையெல்லாம் கையால் செய்த சின்ன மைக்குகளுக்கு ஏற்ற வேலைகள். அத்தையின் வீணைக்குக் குடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இரண்டையும் ஒரு சாண் இடைவெளியில் வைக்கிறேன். மின்விசிறியை அணைத்துவிட்டு, பால் வண்டி வருவதற்கு முன் ஐந்து மணிக்குத் தொடங்கிவிடுவோம். அவர் ஒரு கமகத்தை இழுத்து விடும்போது தந்தி மெட்டின்மேல் உராயும் சத்தமும், ஓய்ந்த பிறகு குடத்துக்குள் சுற்றும் கார்வையும் கேட்கும். என் கடை மைக்கில் அந்தக் கார்வையின் வால் பகுதி சீறலில் மூழ்கிவிடும்.

கட்டுவதிலேயே ஆசை இருப்பவர்களுக்கு வேறு காரணம் தேவையில்லை. இஎம்272இல் தொடங்குங்கள், ஆலிஸ் அப்புறம். ஆர்டர் போடும்போது இரண்டுக்குப் பதில் மூன்று கேப்ஸ்யூலாகப் போடுங்கள். பார்சல் செலவு அநேகமாக ஒன்றுதான். முதலாவது சால்டரிங் சூட்டில் போனாலும் ஜோடி கையில் நிற்கும்.